மறைவுக்கு நட்ட பூவரசு

எங்கள் கல்லூரியைப் பார்க்க வருகிறவர்கள் கட்டிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. சொல்லும்படி அதில் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். வீதியிலேயே நின்று மரங்களைத்தான் பார்ப்பார்கள். வீதியோரம் நெடுகப் பூவரசு, அதற்கு உள்ளே வேம்பு, களப்புப் பக்கமாகத் தென்னை. என்ன குளிர்மை, என்ன அமைதி, இங்கே படிக்கிற பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள் என்பார்கள். படம் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நான் பக்கத்தில் நின்றால் தலையை மட்டும் ஆட்டுவேன். எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

அந்தப் பூவரசுகளை அழகுக்காக மட்டும் நட்டார்கள் என்று நினைத்தால் அது தவறு. என்னையும் என் தெருப் பெண்பிள்ளைகளையும் வீதியில் போகிறவர்கள் கண்ணில் படாமல் வைப்பதற்காக நட்டார்கள். அவை வளர்ந்தால் நான் படிக்கலாம், வளராவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டும். அதுதான் பேச்சு. ஒரு மரம் இலை விடுவதை என்னைப்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தவள் இந்தக் கரையில் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி முடியும் தறுவாயில் இருந்தது. அது முடியப்போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. எங்கோ சண்டை நடப்பதும், அரிசிக்குக் கூப்பன் வந்ததும், மண்ணெண்ணெய் கிடைக்காததும்தான் தெரியும். களப்பு என்கிற உப்புநீர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிற மணல்தரையில், இறங்குதுறைக்குப் போகும் வீதியை ஒட்டி, அந்தப் பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. பெயருக்குக் கல்லூரி. ஓடு போட்ட நீள மண்டபம் ஒன்று, பக்கத்தில் ஓலைக் கொட்டில்கள், ஒரு கிணறு. கத்தோலிக்க மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் கடற்கரைப் பக்கமிருந்து நடந்து வருவார்கள். முஸ்லிம் பிள்ளைகளான நாங்கள் திரை கட்டிய மாட்டு வண்டியில் போவோம். வண்டி உள்ளே போய் மண்டப வாசலில்தான் நிற்கும். முன்பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே கிடுகு வேலி இருந்தது. நாங்கள் ஓடினாலும் விழுந்தாலும் வெளியே தெரியாது. எங்கள் வாப்பாமார் பிள்ளைகளை அனுப்பியது பாடத்தை நம்பியல்ல, அந்த வேலியை நம்பித்தான்.

என் வாப்பா கருவாட்டு வியாபாரி. மீனவரிடம் வாங்கிக் கட்டி, தோணியில் புத்தளத்துக்கு அனுப்புவார். சிரிப்புக் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. அவர் ஒரு கருவாட்டுக் கட்டைப் பார்த்து ‘நல்லது’ என்றால் பிறகு யாரும் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். எங்கள் தெருவில் மற்ற வாப்பாமார் எதற்கும் முதலில் இவர் முகத்தைப் பார்ப்பார்கள். இவர் பிள்ளையை அனுப்பினால் அவர்களும் அனுப்புவார்கள், இவர் நிறுத்தினால் அவர்களும் நிறுத்துவார்கள். என் தலையில் தெருவின் படிப்பே இருந்தது என்று சொன்னால் பெருமை பேசுகிறேன் என்பீர்கள். இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய?

அந்த நேரத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு புதிய தலைமை ஆசிரியை வந்து சேர்ந்தார். நாங்கள் அவரைப் பெரிய மிஸ் என்போம். ஒல்லியான உயரமான பெண், எப்போதும் வெள்ளைச் சேலை, கையில் ஒரு கறுப்புக் குடை. வந்த கிழமையே வீதியில் இறங்கி நின்று பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கிடுகு வேலிதான் தெரிந்தது. அதுவும் ஒரு மூலை சாய்ந்து, ஓலை உக்கி, அடியில் ஆடு நுழைந்த ஓட்டையோடு.

“வெளியாலை போற சனம் இதைப் பாத்து உள்ளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கெண்டு நினைக்குமோ?” என்று எங்களைக் கேட்டார். நாங்கள் சிறு பிள்ளைகள், எங்களுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

அவர் வேலியைப் பிடுங்கினார். அந்த இடத்தில் கடலில் எடுத்த முருகைக்கற்களை வரிசையாக வைத்துச் சுண்ணாம்பு பூசினார். வாசலிலிருந்து மண்டபம் வரை சிப்பி பரப்பிப் பாதை போட்டார். இரண்டு பக்கமும் குரோட்டன், செவ்வரத்தை, கன்னா வாழை. மணலில் கன்னா வாழை வளர்ப்பது என்றால் சும்மாவா? வண்டில் வண்டிலாகச் செம்மண் வந்தது. ஒரு மாதத்தில் அந்த முன்பக்கம் எங்கள் ஊரில் யாரும் காணாத மாதிரி ஆகிவிட்டது. இறங்குதுறைக்குப் போகிறவர்கள் நடையைத் தளர்த்தி நின்று பார்த்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் நின்று கதைப்பதற்காகவே நான் இடைவேளையில் வெளியே ஓடுவேன்.

மனிதரைவிடக் கழுதைகளுக்கு அது அதிகம் பிடித்தது. எங்கள் ஊர்க் கழுதைகளை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உப்பு மூட்டை சுமந்த நேரம் போக மீதி நேரம் அவை ஊரைச் சொந்தமாக்கிக்கொண்டு திரியும். வேலி போனதும் அவை நேரே வந்து கன்னா வாழையை அடியோடு மேய்ந்தன. பெரிய மிஸ் குடையை மடக்கிக்கொண்டு அவற்றைத் துரத்துவதும், அவை நாலடி தள்ளி நின்று திரும்பிப் பார்ப்பதும் எங்களுக்கு ஒவ்வொரு நாளும் வேடிக்கை. அவர் சளைக்கவில்லை. மேய்ந்ததைத் திரும்ப நட்டார்.

ஆனால் எங்கள் தெருவில் வண்டி நின்றுவிட்டது. முதலில், வாப்பாவின் முகம் மாறியதைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு எதிர் வீட்டுப் பிள்ளைக்கு வீட்டில் வேலை என்றார்கள். பிறகு வாப்பா என்னை அழைத்து, “நாளைக்குப் போக வேணாம்,” என்றார். ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

பெரிய மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தை அழகாக்கினால் புதிய பிள்ளைகள் வருவார்கள் என்று பார்த்தால், இருந்த பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஒரு நாள் பின்னேரம் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மா அவரை உள்ளறையில் கதிரை போட்டு இருத்தினார். வாப்பா முன் விறாந்தையில் இருந்தார். நடுவில் வாசற்சீலை தொங்கியது. நான் உம்மாவின் பின்னால் நின்றேன். கதைக்க வேண்டியவர்கள் மிஸ்ஸும் வாப்பாவும். ஆனால் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை, இருவரும் உம்மாவோடு கதைத்தார்கள்.

“பிள்ளையை ஏன் மறிச்சவர் எண்டு கேளுங்கோ,” என்றார் மிஸ்.

உம்மா சீலைப் பக்கம் திரும்பினார். “ஏன் புள்ளய மறிச்சீங்க எண்டு டீச்சர் கேக்கிறாங்க.”

“வேலி எங்க எண்டு கேளு,” என்றார் வாப்பா.

“வேலி எங்கயாம், டீச்சர்.”

மிஸ் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தார். “பள்ளிக்கூடம் வடிவாத் தெரிய வேணும் எண்டுதான் எடுத்தனான். பாக்கிற சனம் ஆசைப்பட்டுப் பிள்ளையளை அனுப்பும் எண்டு நினைச்சன்.”

உம்மா இவ்வளவையும் சுருக்கினார். “வடிவுக்குத்தான் எடுத்தாங்களாம்.”

“வடிவுதான்,” என்றார் வாப்பா. “ரோட்டுல நிண்டா என்ட மகள்ட சட்டையில இரிக்கிற பூ வரைக்கும் தெரியிது. அந்த வடிவ எல்லா ஆக்களும் நிண்டு பாக்கிறாங்க.”

இதை உம்மா திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மிஸ்ஸின் முகம் சிவந்துபோயிற்று. அவர் மடியில் கிடந்த குடையின் பிடியை உருட்டினார். அன்று அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் என் கதை அந்தக் கதிரையோடு முடிந்திருக்கும்.

“திரும்பவும் கிடுகு கட்ட என்னாலை ஏலாது,” என்றார் அவர். இப்போது சீலையைப் பார்த்தே கதைத்தார். “ஒவ்வொரு சோளகக் காத்துக்கும் விழுந்துபோகும். பாக்கிறவைக்குக் குளிக்கிற மறைப்பு மாதிரிக் கிடக்கும். நான் மரம் வைக்கிறன். பூவரசு. வேலியை விட உயரமா வரும், அடர்த்தியா வரும். ரோட்டாலை போறவைக்கு வடிவு, உங்களுக்கு மறைவு.”

சீலைக்கு அந்தப் பக்கமிருந்து வாப்பா சொன்னார். “மரம் வளர முந்தி எங்கட மகள் வளந்துருவாளே.”

உம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் குமராகும் நாளைத்தான் அவர் சொல்கிறார் என்று அந்த அறையில் இருந்த மூன்று பெண்களுக்கும் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரிய பிள்ளை ஆனால் அதோடு படிப்பு முடிந்தது. யாரும் அதைச் சட்டமாக எழுதிவைக்கவில்லை, ஆனாலும் எல்லா வீட்டிலும் அதுதான் நடந்தது.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. மரம் நட வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்வரை போகலாம். நான் குமரானதும் வாப்பாவும் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காரும் வந்து வீதியில் நின்று பார்ப்பார்கள். உள்ளே ஒன்றும் தெரியாவிட்டால் தொடர்ந்து போகலாம், எனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளும் அப்படியே. தெரிந்தால் அன்றோடு சரி. மிஸ் சரி என்றார். என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாரி மழைக்கு முன்னால் எத்தாளைப் பக்கத்துத் தென்னந்தோட்ட எல்லையிலிருந்து பூவரசங் கம்புகளை வெட்டி வந்தார்கள். வாப்பா தன் வண்டியை விட்டுக் கொடுத்தார். அதனால் கம்புகள் எல்லாம் கருவாட்டு மணத்தோடு வந்து இறங்கின, ஊர்ப் பூனைகள் முழுக்க அன்று பள்ளிக்கூடத்தில். கை மொத்தமான கம்புகள், என் தோள் உயரம். வெட்டு வாய் காயாமல் இருக்க நுனியில் சாணி அப்பினோம். மிஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு குழி தோண்டினார். ஒவ்வொரு கம்பையும் சுற்றிக் கழுதைக்காக உடைமரத்து முள் கட்டினோம்.

தண்ணீர் ஊற்றுவதற்கு ஒரு வழியைத் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். நாங்கள் மதியம் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுப்பது கிணற்றடியில். ஒரு நாள் கிணற்றடி சேறாக இருந்ததால் தகரப் பேணிகளில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் கம்புகளின் அடியில் வரிசையாகக் குந்தி ஒழு எடுத்தோம். கை கழுவிய தண்ணீர், கால் கழுவிய தண்ணீர் எல்லாம் வேருக்கே போயிற்று. மிஸ் பார்த்துவிட்டு, அடுத்த நாள் தொடக்கம் கிழமைக்கு ஒரு பக்கமாக எங்களை மாற்றி மாற்றி இருத்தினார். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ரோசம் வந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவ அவர்களும் பேணியோடு மரத்தடிக்கு வந்தார்கள். உன் மரம் என் மரம் என்று சண்டையும் பிடித்தோம். நான் கடித்த ஒருத்தி இப்போதும் உயிரோடு இருக்கிறாள், காணும்போதெல்லாம் கையைக் காட்டுவாள்.

உம்மா அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததே இல்லை. அந்த வீதியால் போயிருக்கிறார், வண்டித் திரைக்குள் இருந்து. நான் வீட்டுக்கு வந்து சட்டை மாற்று முன்பே கேட்பார்.

“இண்டைக்கு எவ்வளவு?”

நான் என் மேலேயே காட்டுவேன். முதலில் தோள். பிறகு காது. பிறகு தலைக்கு மேலே ஒரு சாண். மழை முடிகிற நேரம் நான் கையை உயர்த்தி விரல் நுனியைக் காட்டினேன். உம்மா என்னைச் சுவரோடு நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார். மரத்தை அளக்கிறாரா என்னை அளக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டையும்தான் என்று பிறகு தெரிந்தது. உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் பூமிசாத்திரப் பாடத்தைச் சத்தமாக வாசித்தால், இறால் உரித்துக்கொண்டே கேட்பார். எந்தெந்த ஊர் எந்த ஆற்றங்கரையில் என்று என்னைவிட அவருக்கே நன்றாக நினைவிருக்கும்.

இரண்டாவது மாரியும் போய், பூவரசு நல்ல இலை விட்டுப் பச்சைச் சுவராகி வந்த நேரத்தில், பள்ளிக்கூடங்களைப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. மேல் வகுப்புகள் தொடங்க அவர் அனுமதி தர வேண்டும். மிஸ் வாசலிலிருந்து மண்டபம் வரை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். ஒரு சனிக்கிழமை ஆள் வைத்துப் பூவரசுகளின் தலையை ஒரே மட்டமாக வெட்டிவிட்டார்.

திங்கட்கிழமை வண்டியிலிருந்து இறங்கிய நான் அப்படியே நின்றுவிட்டேன். கயிறு பிடித்த மாதிரி நேரான பச்சை வரிசை. அதற்கு மேலால் வீதியில் போகிற ஒருவரின் தலைப்பாகை தெரிந்தது. அவருக்கு எங்கள் தலையும் அப்படித்தான் தெரியும். பாதி இலை மணலில் குவிந்து கிடந்தது. நான் புத்தகங்களைக் கீழே போட்டுவிட்டு நேரே மிஸ்ஸிடம் போனேன்.

“நீர் ஏன் அழுறீர்?” என்றார்.

“நீங்க என்ட மரத்த வெட்டிட்டீங்க.”

“தலையை வெட்டினாத்தான் பிள்ளை, கீழை கிளை வெடிக்கும். இப்ப இலை குறைஞ்சு ஐதாத் தெரியும். பொறுத்துப் பாரும், எப்பிடி அடைச்சுக்கொண்டு வருமெண்டு.”

“எனக்குப் பொறுக்க நேரம் இல்ல, மிஸ்.”

அவர் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே, உம்மா பார்த்த அதே மாதிரி. நான் அந்த வருடம் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தேன். அவர் என் புத்தகங்களைப் பொறுக்கி மணலைத் தட்டிக் கையில் தந்தார். அன்று தொடக்கம் வகுப்பு முடிந்த பிறகு அவரே வாளியோடு நிற்பதைக் கண்டேன். இன்ஸ்பெக்டர் வந்தார், முகப்பு மிக அழகு என்று மெச்சினார், அனுமதியும் தந்தார். எனக்கு அந்த மனிதரைக் கண்ணிலும் காட்டக் கூடாது.

மரம் கிளை வெடிக்கத் தொடங்கிய நேரத்தில் நான் குமரானேன்.

உம்மாவிடம்தான் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். சந்தோசமாகச் சொல்ல வேண்டிய செய்தி அது. மற்ற வீடுகளில் அன்றே மாமிமார் மச்சிமார் எல்லாம் கூடி, குரவையிட்டு, தலைக்குத் தண்ணீர் வார்த்து, ஊருக்குப் பலகாரம் கொடுப்பார்கள். உம்மா அதற்கென்று எனக்கு ஒரு பட்டுத் துணியும் ஒரு சோடிக் காப்பும் அலுமாரியில் வைத்திருந்தார். வருடக்கணக்காக வைத்திருந்தார்.

அவர் அறைக் கதவைச் சாத்தினார். “மரம் எப்படி?” என்றார்.

“இன்னும் ஐதாத்தான் இரிக்கி, உம்மா. கிணத்துக்கு நேரா நல்லாத் தெரியும்.”

“எவ்வளவு நாள் போகணும்?”

“தெரியாது.”

உம்மா கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பின் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீர் வார்த்தார். துஆவை வாய்க்குள்ளேயே ஓதினார். அலுமாரியிலிருந்து காப்பைக் கொண்டுவந்து என் கையில் போட்டார், முகத்தைப் பார்த்தார், நெற்றியில் கொஞ்சினார். பிறகு காப்பைக் கழற்றித் தன் சேலையில் முடிந்துகொண்டார். ஒரு தாய் தன் மகளுக்குக் கொண்டாட வேண்டிய நாளை அப்படி மடித்து வைத்தார். அன்று எனக்கு அது முழுதாக விளங்கவில்லை. எனக்கு மகள் பிறந்து அவள் பெரிய பிள்ளையான அன்று விளங்கிற்று, உட்கார்ந்து அழுதேன்.

“நாளைக்கு வண்டி வரும்,” என்றார் உம்மா. “போ. போய்த் தண்ணி ஊத்து.”

கிட்டத்தட்ட ஒரு மாதம் அப்படிப் போனேன். குமருக்குக் கொடுக்கிற பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் காலையில் எல்லாரும் எழும்பு முன்பே உம்மா என் வாயில் ஊற்றுவார். அடுத்த வீட்டில் இருந்த மாமி, வாப்பாவின் கூடப்பிறந்த மூத்த ராத்தா, மூக்கு நுனியிலேயே அறிவை வைத்திருந்தவர். ஒரு நாள் நேரத்தோடு வந்துவிட்டார்.

“என்ன, புள்ளைக்கு நல்லெண்ண?” என்றார்.

“இருமல், மச்சி.”

“இருமலுக்கு முட்டையுமா?”

உம்மா பொய் சொல்லிப் பழகாதவர். கையிலிருந்த கோப்பையை வைக்க இடம் தெரியாமல் நின்றார். மாமி கெட்டவர் அல்ல. நல்ல செய்தியைச் சொல்லாமல் வைத்துவிட்டார்களே என்றுதான் அவருக்குக் கவலை. அந்தக் கவலையை மாமாவிடம் சொன்னார், மாமா பள்ளிவாசலில் மரைக்காரிடம் சொன்னார்.

அன்று மத்தியானம் வாப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட இருக்கவில்லை. உம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றார்.

“ஓமா?” என்று உம்மாவைக் கேட்டார்.

“ஓம்,” என்றார் உம்மா.

வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு மாதமாக மறைத்தாயா என்று சத்தம் போடுவார் என்று நான் கதவுக்குப் பின்னால் காத்து நின்றேன். அவர் சாரனைச் சரிசெய்துகொண்டு, “நாளைக்கு அசர் தொழுதுட்டு வாறம் எண்டு டீச்சருக்குச் சொல்லி அனுப்பு. புள்ளைகளும் உள்ளுக்கு நிக்கட்டும்,” என்றார்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்தும் எங்கள் தெருப் பிள்ளைகள் போகாமல் நின்றோம். மிஸ் எங்களை மரங்களுக்கு உட்பக்கமாக இடைவெளி விட்டு நிறுத்தினார். நீங்கள் எப்போதும் எங்கே நிற்பீர்களோ அங்கே நில்லுங்கள் என்றார். நான் எப்போதும் நிற்பது கிணற்றுக்கு நேரே. அங்கே ஒரு மரம் மற்றவற்றைப்போல வெடிக்கவில்லை. வேறு இடத்தில் போய் நின்றிருக்கலாம்தான். மிஸ் சொன்னபடியே நின்றேன். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சோளகக் காற்று அன்று ஓயவே இல்லை.

வீதியில் மூன்று பேர் வந்தார்கள். மரைக்கார், மாமா, வாப்பா. செருப்புச் சத்தம் வந்து நின்றது. அப்போதுதான் ஒரு சங்கடம் வந்தது. உள்ளே பெண்பிள்ளைகள் தெரிகிறார்களா என்று பார்க்க வேண்டும். ஆனால் அந்நிய ஆண்கள் பெண்பிள்ளைகளைப் பார்க்கக் கூடாது. மரைக்கார் தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பைப் பார்த்தார். மாமா இறங்குதுறைப் பக்கம் திரும்பி நின்றார்.

“நீங்களே பாருங்க, தம்பி,” என்றார் மரைக்கார். “உங்கட மகள் நிக்கிற எடமாப் பாத்துச் சொன்னாக் காணும். நீங்க சொன்னா எங்களுக்குச் சரி.”

வாப்பா வரிசையின் ஒரு முனையிலிருந்து மெல்ல நடந்து வந்தார். இலைகளுக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை விட்டுவிட்டுத் தெரிந்தது. எனக்கு நேரே வரும்போது காற்று அடித்தது. அந்த ஐதான மரத்தின் கிளைகள் விலகின. ஒரு முகம் முழுக்கத் தெரிகிற அளவுக்கு விலகின.

வாப்பா நின்றார். என் கண்ணைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். அவர் தாடியில் நரைத்த மயிரைக்கூட என்னால் பார்க்க முடிந்தது. எனக்கு அழுகை வந்தது, முகத்தைத் திருப்பவும் தெரியவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கிளைகள் திரும்ப வந்து மூடின, திரும்பவும் விலகின. அவர் இன்னும் அங்கேயே நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, தெரியிதா?” என்று மரைக்கார் அங்கிருந்து கேட்டார்.

வாப்பா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். “ஒண்டும் தெரியல்ல. எலதான்.”

மரைக்கார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். செருப்புச் சத்தம் இறங்குதுறைப் பக்கமாகப் போயிற்று. மிஸ் மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றப் பிள்ளைகள் என்னைச் சுற்றி வந்து என்ன, என்ன என்றார்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் வாப்பா சோற்றில் கை வைத்தபடி உம்மாவிடம் கதைத்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எத்தாளத் தோட்டத்துல பூவரசு இன்னும் இரிக்கி. நாளைக்கு ஒண்டு வெட்டணும். அங்க கிணத்துக்கு நேரா ஒரு எடம் ஐதாக் கெடக்கு.”

உம்மா கறி வைத்த கையை அப்படியே நிறுத்தினார். “ஒண்டும் தெரியல்ல எண்டு சொன்னீங்களாமே?”

“சொன்னேன்தான்,” என்றார் வாப்பா. சோற்றைப் பிசைந்தார்.

நான் குசினிக்குள் போய் முகத்தைத் தூணோடு வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்ன சொல்லுக்காகத்தான் சந்தையில் யாரும் கட்டைப் பிரிப்பதில்லை. அந்தச் சொல்லை எனக்காகக் கொடுத்துவிட்டு வந்து சோறு தின்கிறார். எனக்கு அவர்மேல் அவ்வளவு அன்பு இருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது.

மறுநாள் எங்கள் வண்டி உள்ளே போனபோது, விடியு முன்பே கம்பு வெட்டி வந்து அவர் அங்கே இருந்தார். சாரனை மடித்துக் கட்டி, மணலில் முழந்தாளிட்டு, நட்டுவிட்ட கம்பைச் சுற்றிக் கையால் மண்ணை அமத்திக்கொண்டிருந்தார். கைவிரல் எல்லாம் சாணி. நான் பேணியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் குந்தினேன். அவர் சற்று விலகி இடம் விட்டார். நான் ஊற்றினேன்.

மண்டபத்தில் மணி அடித்தது. நான் எழும்பாமல் இருந்தேன். அவர் பேணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“போ மகள்,” என்றார். “மணி அடிச்சிட்டாங்க.”